வடிகாலை நம்பி வாழ்ந்த ஏரி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், மெக்சிகோ எல்லைக்குச் சற்று வடக்கே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 70 மீட்டர் கீழே கிடக்கும் பாலைவனப் பள்ளத்தில் சால்ட்டன் சீ என்னும் உவர்நீர் ஏரி இருக்கிறது. பெயரில் கடல் இருந்தாலும் அது நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஏரிதான். நல்ல நாளில் 56 கிலோமீட்டர் நீளமும் 24 கிலோமீட்டர் அகலமும் கொண்டு, பரப்பளவில் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய ஏரியாக விளங்கியது. கடந்த கால் நூற்றாண்டாக அது வற்றிக்கொண்டும் உப்பேறிக்கொண்டும் வருகிறது. அதைக் காப்பாற்ற மாநில அரசும் அமெரிக்க மத்திய அரசும் போட்ட திட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது, ‘மீட்டெடுப்பு’ என்ற சொல் ஏட்டில் அப்படியே இருக்க, அதன் பொருள் மட்டும் பத்தாண்டுக்கு ஒருமுறை சுருங்கிவந்திருப்பது தெரிகிறது.

ஏரி என்றால் கரையும் மதகும் கலிங்கும் இருக்கும் என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இந்த ஏரியின் அமைப்பு சற்று விந்தையாகத் தோன்றும். இதற்குக் கலிங்கு கிடையாது. உள்ளே வரும் நீர் வெளியேற ஆறோ வாய்க்காலோ இல்லை. வெயிலில் ஆவியாவது ஒன்றே அந்த நீருக்குரிய வழி. ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத அந்தப் பாலைவனத்தில், ஏரியின் மேல்மட்டத்திலிருந்து ஆண்டுதோறும் 1.8 மீட்டர் உயர நீர் ஆவியாகிப் போகிறது. தண்ணீர் போகிறது, அது கொண்டுவந்த உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. கடலோடு சேராத உள்நாட்டு ஏரிகள் அனைத்துக்கும் பொதுவான விதி இது. புவியியலார் இத்தகைய ஏரிகளை முடிவிட ஏரிகள், அதாவது ஆற்றின் பயணம் கடலுக்குப் போகாமல் அங்கேயே முடிந்துவிடும் ஏரிகள், என்ற வகையில் சேர்க்கின்றனர்.

இப்பள்ளத்துக்கு நீர் புதிதன்று. கொலராடோ ஆறு தன் கழிமுகத்தில் வண்டலைக் குவித்துப் போக்கை மாற்றிக்கொண்ட காலங்களில், கடலுக்குப் போகாமல் வடக்கே திரும்பி இப்பள்ளத்தைப் பலமுறை நிரப்பியிருக்கிறது. அப்படி உருவான பழைய நன்னீர்ப் பேரேரிக்கு, அக்கரையில் வாழ்ந்த பழங்குடியினரின் பெயரால் கவியா ஏரி என்று பெயர். அவர்கள் மீன்பிடிக்கக் கல்லடுக்கிக் கட்டிய பொறிகள், இன்றைய நீர்மட்டத்துக்கு வெகு உயரத்தில், மலைச்சரிவில் வரிசை வரிசையாக இன்னும் காணக்கிடைக்கின்றன. எனவே பள்ளம் இயற்கையானது, அதில் ஏரி வருவதும் மறைவதும் இயற்கையானவை. இன்றைக்கு இருக்கும் ஏரி மட்டும்தான் மனிதப் பிழையால் வந்தது.

1901இல் ஒரு தனியார் நிறுவனம் கொலராடோ ஆற்று நீரை வாய்க்கால் வழியே பள்ளத்தின் தென்பகுதிக்குக் கொண்டுவந்து, அதுவரை வெறும் பாலையாகக் கிடந்த நிலத்தை இம்பீரியல் பள்ளத்தாக்கு என்ற பெயரில் விளம்பரப்படுத்தி விவசாயிகளைக் குடியேற்றத் தொடங்கியது. கொலராடோ ஆறு அளவுகடந்த வண்டலைச் சுமந்துவரும் ஆறு என்பதால் சில ஆண்டுகளிலேயே வாய்க்கால் தூர்ந்துபோனது. தூர் வாரிக்கொண்டிருந்தால் பயிர் கருகும் என்ற அவசரத்தில், 1904இல் மெக்சிகோ எல்லைக்குள் ஆற்றங்கரையை வெட்டி, முறையான தலைமதகு எதுவும் கட்டாமலேயே புதிய பாதை திறக்கப்பட்டது. 1905இல் அடுத்தடுத்து வந்த வெள்ளங்கள் அந்த வெட்டை அகலமாக்க, விரைவில் கொலராடோ ஆறே முழுவதுமாகத் திரும்பிப் பள்ளத்தில் விழத் தொடங்கியது. பள்ளத்தில் இருந்த உப்பளமும் ரயில் தண்டவாளமும் நீருக்குள் போயின. டாரஸ் மார்ட்டினெஸ் என்ற கவியா பழங்குடியினருக்குச் சட்டப்படி ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் மூழ்கியது. சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் வண்டி வண்டியாகப் பாறைகளைக் கொட்டி, 1907 பிப்ரவரியில்தான் உடைப்பை அடைக்க முடிந்தது.

உடைப்பை அடைத்தபின் தேங்கிய நீர் சில பத்தாண்டுகளில் வற்றியிருக்க வேண்டும். அது வற்றாமல் நின்றதற்குக் காரணம் பாசன வேளாண்மை. கொலராடோ ஆற்று நீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்டு. ஆனால் வறண்ட நிலத்தில் பாய்ச்சிய நீரைப் பயிர் உறிஞ்சிக்கொண்டதும் உப்பு வேர் மண்டலத்திலேயே தங்கிவிடுவதால், சில போகங்களுக்குள் மண் களராகிவிடும். அதைத் தடுக்க, பயிரின் தேவைக்கும் கூடுதலாக நீர் பாய்ச்சி உப்பைக் கீழே கழுவி இறக்குவார்கள். கீழிறங்கிய உப்புநீரை வாங்கிக்கொள்ள, வயலுக்கு அடியில் ஓர் ஆளுயர ஆழத்தில் துளையிட்ட குழாய்களை வரிசையாகப் புதைத்திருக்கிறார்கள். இந்த நிலத்தடி வடிகுழாய்களின் நீரும், வயலின் தாழ்ந்த ஓரத்தில் வழிந்தோடும் மிகைநீரும் வடிகால்களில் சேர்ந்து, 1905 வெள்ளம் அறுத்து ஆழப்படுத்திய நியூ, அலமோ ஆகிய இரு ஆறுகள் வழியாக ஏரிக்கு வந்து விழுகின்றன. வயலின் கழிவுதான் ஏரியின் வரத்து. அமெரிக்க அரசும் இதை ஒளிக்கவில்லை. 1924இல் அதிபர் கூலிட்ஜின் ஆணை, ஏரியின் கீழுள்ள அரசு நிலங்களை வேளாண் வடிகால்நீரின் தேக்கமாகவே ஒதுக்கிவைத்தது. ஏரியைக் குறித்து மத்திய அரசு எடுத்த முதல் முக்கியமான முடிவு அதை அதிகாரபூர்வமான வடிகுட்டை ஆக்கியதுதான் என்பதைப் பிற்காலத் திட்ட அறிக்கைகளைப் படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன் உப்பு இவ்வாறு உள்ளே வந்தது. உடைப்பு அடைபட்ட 1907இல் ஏரிநீரில் லிட்டருக்குச் சுமார் 3.5 கிராம் உப்பு இருந்தது. கடல்நீரில் இருப்பது 35 கிராம். 1990களில் ஏரி அந்த அளவையும் தாண்டி 44 கிராமை எட்டியிருந்தது, இப்போது கடலைவிட ஏறத்தாழ இருமடங்கு உவர்ப்பாக இருக்கிறது. நன்னீருக்கும் கடும் உவருக்கும் இடைப்பட்ட சில பத்தாண்டுகளே அதன் பொற்காலம். 1950களில் மாநில மீன்வளத் துறை கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து கொர்வீனா முதலிய கடல்மீன்களைக் கொண்டுவந்து விட்டது, அவை பெருகின. தூண்டிலோடும் விசைப்படகோடும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கூட்டம் வந்தது. பாம்பே பீச், சால்ட்டன் சிட்டி என்று கரையோர ஊர்களுக்கு மனைப்பிரிவுகள் போடப்பட்டன. அந்த மனைகளில் பல இன்றும் தெருப் பெயர்ப் பலகையோடு வெறும் மணலாகக் கிடக்கின்றன.

கரையில் இறங்கி நடப்பவரின் காலடியில் நொறுங்குவது மணலன்று. படகின் அடிப்பலகையில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படையின் போக்குவரத்தோடு இங்கு வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதன் வெண்ணிற ஓடுகளும், செத்த மீன்களின் முள்ளும் செதிலும் கலந்து கரை நெடுகத் திட்டுத்திட்டாகக் குவிந்திருக்கின்றன. வயல்களிலிருந்து உப்போடு உரச்சத்தும் வந்ததால் பாசி அளவின்றிப் பெருகியது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகவே மீன்கள் மூச்சுத்திணறிச் செத்தன. 1999 ஆகஸ்டில் ஒரே நாளில் 76 லட்சம் திலேப்பியா மீன்கள் செத்து மிதந்தன. அதற்கு முன்பே, 1992இல் சுமார் ஒன்றரை லட்சம் முக்குளிப்பான்களும், 1996இல் நோய்ப்பட்ட மீனைத் தின்ற ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்களும் இங்கே மாண்டிருந்தன. கலிபோர்னியா தன் பழைய சதுப்புநிலங்களில் பத்தில் ஒன்பது பங்கை இழந்துவிட்ட நிலையில், அலாஸ்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் இடையே வலசை போகும் பறவைகளுக்கு இந்த வடிகுட்டைதான் இறங்கி இளைப்பாற எஞ்சியிருந்தது. 400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. பாடகராயிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான சன்னி போனோ ஏரிக்காகக் குரல்கொடுத்தவர்; 1998 ஜனவரியில் அவர் விபத்தில் இறந்த பிறகு, அதே ஆண்டில் ஏரி மீட்புக்கான வழிகளை ஆராயும்படி ஒரு மத்தியச் சட்டம் நிறைவேறியது. ஆய்வுகள் வந்தன, பணம் வரவில்லை.

ஏரியின் தலையெழுத்தை மாற்றியது தண்ணீர்ச் சிக்கனம். இம்பீரியல் பாசன மாவட்டத்துக்கு, அதாவது அப்பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு நீர் வழங்கும் பொது அமைப்புக்கு, கொலராடோ ஆற்றில் ஆண்டுக்கு 31 லட்சம் ஏக்கர் அடி உரிமை உண்டு. ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஏக்கர் அடி. தமிழ் வாசகருக்குப் பழக்கமான டி.எம்.சி. கணக்கில் இந்த உரிமை ஏறத்தாழ 135 டி.எம்.சி. ஆகும். 1980களின் தொடக்கத்தில் ஏரி வற்றவில்லை, ஏறிக்கொண்டிருந்தது. தன் நிலம் மூழ்குவதாகக் கரையோர விவசாயி ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்த மாநில நீர்வள வாரியம், பாசன மாவட்டம் நீரை வீணடிக்கிறது என்று 1984இல் தீர்ப்பளித்தது. வீண் என்று சட்டப்படி முத்திரை குத்தப்பட்ட அந்த நீரின்மீது நகரங்களின் கண் விழுந்தது. தனக்குரிய 44 லட்சம் ஏக்கர் அடிக்கும் மேலாகக் கலிபோர்னியா எடுத்துவந்த நீரைக் குறைத்தாக வேண்டும் என்று மற்ற மாநிலங்களும் மத்திய அரசும் நெருக்கியதால், 2003 அக்டோபரில் பங்கீட்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானது. அதன்படி பாசன மாவட்டம் படிப்படியாக ஆண்டுக்கு 2 லட்சம் ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 8.7 டி.எம்.சி. நீரைச் சேமித்துச் சான்டியேகோ நகரப் பகுதிக்கு விற்க வேண்டும். அதற்கு மேல் வேறு மாற்றல்களும் உண்டு.

வயலில் சேமித்த ஒவ்வொரு சொட்டும் வடிகாலில் குறைந்தது. இதை ஒப்பந்தம் எழுதியவர்கள் அறியாமல் இல்லை. ஏரி உடனே சரிந்துவிடாதிருக்க, 2017 இறுதி வரை 15 ஆண்டுகளுக்குப் பாசன மாவட்டம் ஏரிக்கென்றே தனியாக நீர் விட வேண்டும் என்றும், அந்த இடைவெளிக்குள் மாநில அரசு நிரந்தரத் தீர்வு காண வேண்டும் என்றும், பாதிப்பைச் சரிசெய்யும் செலவில் உள்ளூர் அமைப்புகள் 13.3 கோடி டாலர் வரை கொடுத்தால் போதும், மீதி மாநிலத்தின் பொறுப்பு என்றும் அவர்கள் எழுதிவைத்தார்கள். கெடு தெளிவாக இருந்தது, பொறுப்பாளி யார் என்பதும் தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவான முன்னறிவிப்போடு வந்த சுற்றுச்சூழல் சிக்கல் வேறொன்றைச் சொல்வது கடினம்.

மாநில அரசு 2007இல் தன் திட்டத்தை வெளியிட்டது. ஏரியின் வடக்கே குதிரை லாட வடிவில் நீண்ட அணை எழுப்பி, அதற்குள் 45,000 ஏக்கர் பரப்பில் கடல் உவர்ப்புள்ள ஆழமான நீர்நிலையைக் காப்பது. தெற்கே ஆழம் குறைந்த பறவை வாழிடங்கள். நடுவே எஞ்சும் நீர் உப்புக் குழம்பாகச் சுருங்கட்டும் என்று விட்டுவிடுவது. மதிப்பீடு 890 கோடி டாலர். அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்துவிட, சட்டமன்றம் அதை ஏற்கவேயில்லை. பத்தாண்டுகள் கழிந்து, இடைக்கால நீர் நிற்கவிருந்த 2017இல், மாநில அரசு புதிதாகப் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. இதில் ஏரியைக் காப்பாற்றுவது என்ற பேச்சே இல்லை. நீர் விலகி வெளிப்படும் படுகையில் 29,800 ஏக்கரைப் புழுதி பறக்காதபடி மூட வேண்டும், அதில் பாதியேனும் பறவைக்கும் மீனுக்கும் வாழிடமாக வேண்டும் என்பதே இலக்கு. தொடக்க ஆண்டுகளின் இலக்குகள் ஒவ்வொன்றாகத் தவறின.

புழுதி முதன்மையான கவலையாக மாறியதற்கு வலுவான காரணம் உண்டு. வெளிப்பட்ட படுகையின் மேல் உப்பு ஓர் ஓடாகக் காய்கிறது; அந்த ஓடு கெட்டியாக இருக்கும் வரை கீழிருக்கும் நுண்மண் பறக்காது. ஆனால் குளிர்காலத்தின் ஈரக்காற்றில் சல்ஃபேட் உப்புகள் நீரை ஏற்று உப்பி, பகல் வெயிலில் அதை இழந்து மீண்டும் சுருங்குவதால், ஓடு உள்ளுக்குள் உதிர்ந்து மாவு போலப் பொலபொலத்துவிடுகிறது; மிதித்தால் கால் புதையும். அப்போது வீசும் காற்று முதலில் பருமணலைத்தான் உருட்டுகிறது. குதித்துக் குதித்து ஓடும் அந்த மணல் விழும் இடமெல்லாம் ஓட்டைத் தட்டி உடைக்க, உள்ளிருந்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் எழுகின்றன. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரல்வரை செல்லும் துகள்கள் அவை. ஏரிக்குத் தெற்கே இம்பீரியல் கவுண்டியில் ஆஸ்துமாவுக்காகக் குழந்தைகள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் விகிதம் மாநிலச் சராசரியைப் போல ஏறத்தாழ இருமடங்கு. பாலைவனமும், உழுத வயல்களும், எல்லைக்கு அப்பாலுள்ள மெக்சிகாலி நகரின் புகையும் அதில் பங்காளிகள் என்பதால் பழி முழுவதையும் ஏரிமேல் போடுவது சரியாகாது. ஆயினும் கலிபோர்னியாவுக்கு ஒரு முன்படிப்பினை இருந்தது: லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913 முதல் நீரை எடுத்துக்கொண்டதால் வறண்ட ஓவன்ஸ் ஏரியின் புழுதியை அடக்க, அந்நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது.

புழுதியை அடக்கும் முறை எளிமையானது, ஒரு விவசாயிக்கு விளக்கவே தேவையில்லாதது. டிராக்டரைக் கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஆழமான சால்கள் உழப்படுகின்றன. கட்டிகட்டியாக எழுந்து நிற்கும் மண் காற்றின் வேகத்தைக் குறைக்க, உருண்டுவரும் மணல் சாலுக்குள் விழுந்து அடங்கிவிடுகிறது. வேறு இடங்களில் பெரிய வைக்கோல் கட்டுகளை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மறைவில் சேரும் மணலில் உவர் தாங்கும் செடிகளை வளர்க்கிறார்கள். சால் சில ஆண்டுகளில் கரைந்துவிடும், மறுபடி உழ வேண்டும். செடிக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டும் ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டிய ஏற்பாடுகள்.

பெரிய கட்டுமானம் தென்கரையில், நியூ ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் நடக்கிறது. சுமார் 4,100 ஏக்கர் பரப்புள்ள இத்திட்டத்தின் வேலை 2021 ஜனவரியில் தொடங்கியது. படுகை மண்ணையே தோண்டி வரப்பு எழுப்பி, ஆழமும் மேடும் கலந்த குளங்களும் பறவைகள் கூடுகட்ட நடுவே திட்டுகளும் அமைக்கிறார்கள். ஆற்றுநீரை மட்டும் விட்டால் நாணல் மண்டும், கொசு பெருகும், வடிகால்நீரிலுள்ள செலினியம் என்ற தனிமம் உணவுச் சங்கிலியில் ஏறும். ஏரிநீரை மட்டும் விட்டால் மீன் பிழைக்காது. எனவே இரண்டையும் இறைத்து, கடல்நீரை ஒட்டிய உவர்ப்புக்குக் கலந்து விடுகிறார்கள். முதற்கட்டக் குளத்துக்கு 2025இல் நீர் விடப்பட்டது. திறந்த ஏரியில் மீன் ஏறக்குறைய இல்லாமல்போன பிறகு, மீனுண்ணும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் அரிதாகிவிட்டன. ஆனால் உவர்நீரில் பெருகும் ஈயையும் பூச்சியையும் தின்னும் சிறு கரைப்பறவைகள் கூடியிருக்கின்றன. குளம் யாருக்காக என்பதை அதன் ஆழம் தீர்மானிக்கும் என்பதால், வரப்புகளின் அளவைப் பற்றிய விவாதம் உண்மையில் எந்தப் பறவையைத் தேர்ந்தெடுப்பது என்ற விவாதமே.

இதைவிடத் துணிவான யோசனைகளும் உண்டு. கலிபோர்னியா வளைகுடாவிலிருந்து மெக்சிகோ வழியாகக் கடல்நீரைக் கொண்டுவந்து ஏரியை நிரப்பலாம் என்பது அவற்றுள் மக்களுக்கு மிகப் பிடித்தமானது. மாநிலம் அமைத்த தனி ஆய்வுக்குழு 2022இல் அதை நிராகரித்தது. மாறாக, ஏரிநீரின் உப்பைப் பிரித்தெடுக்கும் ஆலை அமைக்கவும், நிலத்தைத் தரிசாகப் போடும் விவசாயிகளுக்கு இழப்பீடு கொடுத்து அந்த நீரை ஏரிக்குத் திருப்பவும் பரிந்துரைத்தது. இவ்விடத்தில் மத்திய ஆசியாவின் ஆரல் கடலை எண்ணிப்பார்க்கலாம். கசகஸ்தான் 2005இல் உலக வங்கியின் உதவியோடு 13 கிலோமீட்டர் நீளக் கோக்-ஆரல் அணையைக் கட்டி, வடக்கு ஆரலைத் தெற்கிலிருந்து பிரித்தது. நீர்மட்டம் ஏறியது, உவர்ப்பு குறைந்தது, மீன்பிடி தொழில் திரும்பியது. அங்கே தடுத்து நிறுத்த சிர் தாரியா என்ற ஆறு இருந்தது. சால்ட்டன் சீக்கு அப்படி உரிமையுள்ள ஆறு ஒன்றும் இல்லை.

மத்திய அரசின் பெரும்பணம் கடைசியில் வந்தபோதும் அது ஏரியின் பேரில் வரவில்லை. கொலராடோ ஆற்றின் அணைகள் வரலாறு காணாத அளவு வறண்டிருந்த 2022இல், பாசன மாவட்டம் மேலும் ஆண்டுக்கு 2.5 லட்சம் ஏக்கர் அடி வரை குறைத்துக்கொள்ள முன்வந்ததையொட்டி, அதன் விளைவைச் சமாளிக்க ஏரிக்கு 25 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. நியூ ஆற்றுக் குளங்கள் இப்போது விரிவாக்கப்படுவது அதைக் கொண்டே. ஏரியை வற்றச்செய்யும் ஒப்பந்தமே ஏரிப் பணிக்கு நிதி தரும் என்பது 2003க்குப் பின் இரண்டாம் முறையாக நடந்தது. 2024இல் மாநிலம் ஏரி நிலங்களையும் குளங்களையும் நிரந்தரமாகப் பராமரிக்கத் தனி அமைப்பு ஒன்றைச் சட்டப்படி உருவாக்கியது. அந்த நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன்பத்திரத்தில் ஏரிக்கு 17 கோடி டாலர் உண்டு. தென்கரையின் அடியில் கொதிக்கும் உப்புநீரிலுள்ள லித்தியத்தை எடுக்கத் தொடங்கினால், அதன்மேல் விதிக்கப்படும் வரியில் ஒரு பங்கும் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. லித்தியம் இன்னும் வணிக அளவில் வெளிவரவில்லை.

புதிய குளங்களின் நீரேற்று நிலையம் நியூ ஆற்றின் கரையில் நிற்கிறது. மெக்சிகாலியில் பிறந்து வரும் அந்த ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் வயல் வடிகால்நீரே. கொலராடோ ஆற்றின் தற்போதைய பங்கீட்டு விதிகள் 2026 இறுதியோடு காலாவதியாகின்றன. அடுத்த விதிகளில் இம்பீரியல் பள்ளத்தாக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கிறதோ, அந்த அளவுக்கு நீரேற்று நிலையத்தின் வாயில் நீர் குறையும்.